ஒரே அண்டா: வேதசாஸ்திரப் பள்ளிகளில் ஜெபமும் பந்தியும்

காளஹஸ்தியில் நான் பாத்திரக் கடை வைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜைனன் என்று சொன்னவுடனே இவ்வூரில் என்னைச் 'சேட்டு' ஆக்கி விடுவார்கள். "ஊரு ராஜஸ்தானா, சேட்?" என்று கேட்பவர்களுக்கு, "இல்லையப்பா, வந்தவாசிப் பக்கம். வீட்டில் பேசுவது தமிழ். எங்களை நயினார் என்பார்கள்" என்று விளக்கிச் சொல்லி வாய் வலித்துப் போயிற்று. அப்படிப்பட்ட நான் கிறிஸ்தவ வேதசாஸ்திரப் பள்ளிகளைப் பற்றி எழுத வந்தது எப்படி என்று இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் வியக்கலாம். அதற்குக் காரணம் ஓர் அண்டா.

1990களின் நடுவில் ஒரு நாள் தமிழ்ப் போதகர் ஒருவர் கடைக்கு வந்தார். போதகரை 'ஐயர்' என்று அழைப்பது தமிழ்க் கிறிஸ்தவர் வழக்கம். இதை அறியாதவர்கள் அவரைக் கோயில் ஐயர் என்று எண்ணிக் குழம்புவதுண்டு. மாணவர் விடுதி ஒன்றின் சமையலுக்குப் பெரிய பித்தளை அண்டா வேண்டும், ஈயம் பூசியதாக இருக்க வேண்டும் என்றார். எண்பது பேருக்குச் சோறு வடிக்க வேண்டுமாம். நான் வியாபாரி புத்தியில், "ஒண்ணுக்கு ரெண்டா நடுத்தரமா எடுத்துக்குங்க ஐயா, தூக்க இறக்க சௌகரியம். அதுவும் போக ஒங்க பசங்க எல்லாரும் ஒரே உலையில சாப்பிடுவாங்களா என்ன?" என்று கேட்டு விட்டேன். சைவம், அசைவம் என்ற கணக்கில்தான் கேட்டேன். அவர் வேறு கணக்கில் எடுத்துக்கொண்டார்.

சிரித்துக்கொண்டே, "ஒண்ணுதான் நயினாரே. இந்த ஒரு அண்டாவுக்காக நாங்க இருநூத்தம்பது வருஷத்துக்கு மேல சண்டை போட்டிருக்கோம்" என்றார்.

அன்று மாலை வரை கடையில் உட்கார்ந்து பேசினார். அவர் சொன்னதைக் கேட்டு வைத்து, பிறகு சென்னைக்குச் சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் நூலகங்களில் தேடிப் படித்துச் சேர்த்ததே இக்கட்டுரை. யான் பட்டம் பெற்றவன் அல்லன். பிழை கண்டால் பெரியோர் பொறுத்துத் திருத்துக.

போதகராக வேண்டிய ஒருவர் சில ஆண்டுகள் தங்கிப் படிக்கும் இடத்தைச் சீர்திருத்தச் சபையார் வேதசாஸ்திரக் கல்லூரி என்றும் இறையியல் கல்லூரி என்றும் சொல்வார்கள். கத்தோலிக்கர் குருமடம் என்பார்கள். கத்தோலிக்கக் குருமடங்களின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. அங்கே இராச்செபம் முடிந்தது முதல் மறுநாள் காலைப் பூசை வரை எவரும் வாய் திறவாத 'பெரிய மௌனம்' இருந்தது என்ற ஒரு செய்தியை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன். முனிவர்களின் மௌன விரதத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

இனித் தரங்கம்பாடிக்கு வருவோம். டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்ட ஜெர்மானியர் சீகன்பால்க், புளுட்சோ என்பவரோடு 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்து சேர்ந்தார். தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1708-லேயே தாம் திரட்டிய தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியல் எழுதி வைத்தார். கொன்றை வேந்தன், உலகநீதி போன்றவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி 1715-ல் முடித்தார். அடுத்த வருஷம், அதாவது 1716-ல், எட்டு மாணவர்களைக் கொண்டு ஒரு செமினரியைத் தொடங்கினார். உபதேசியாராகவும் பள்ளி ஆசிரியராகவும் தமிழரே வரவேண்டும், எப்போதும் கடல் கடந்து ஆள் கொண்டு வந்து காலம் தள்ள முடியாது என்பது அவர் எண்ணம். 1719-ல் காலமானபோது அவருக்கு முப்பத்தாறே வயது. நட்ட கன்று காய்ப்பதை அவர் பார்க்கவில்லை.

அந்தப் பள்ளிகளின் அன்றாடம் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தையும் ஜெர்மன் மடத்தையும் சேர்த்துக் கட்டியது போல இருந்தது. விடிந்ததும் ஜெபம், ஞானோபதேசம், பிறகு மணலிலும் ஓலையிலும் எழுத்து, கணக்கு, தமிழ் நீதி நூல், பாட்டு, மாலையில் மறுபடி ஜெபம் என்று போகும். அங்கிருந்து தேறிய உபதேசியார்கள் ஊர் ஊராய் நடந்து, யாரிடம் என்ன பேசினோம், அவர்கள் என்ன எதிர்வாதம் செய்தார்கள் என்று குறிப்பு எழுதித் தர வேண்டும். அக்குறிப்புகளில் பல ஜெர்மனிக்குப் போய் ஹாலே நகரத்தில் அச்சாயின. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டுக் கிராமங்களின் பஞ்சம், படையெடுப்பு, வழிச்சத்திரம், வாய்ச்சண்டை எல்லாம் இன்றும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. நம்மவர் நடந்த கதையைப் படிக்க ஹாலேக்குப் போக வேண்டியிருக்கிறது!

இப்படி வந்தவர்களில் ஆரோன் என்பவர் கடலூரில் பிறந்த வேளாளர். இயற்பெயர் ஆறுமுகம். 1733 டிசம்பர் 28 அன்று அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவில் சீர்திருத்தச் சபையின் முதல் சுதேசிப் போதகர் அவரே. கிறிஸ்தவ அன்பர்களில் அநேகருக்கு இது தெரியும். ராஜநாயக்கன் கதை அவ்வளவு பேருக்குத் தெரியாது.

ராஜநாயக்கன் தஞ்சை அரசரின் படையில் வேலை பார்த்தவர். முன்பே கத்தோலிக்கர், பிறப்பால் பறையர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் ஒன்று அவர் கையில் இரவலாகக் கிடைத்தது. திருப்பித் தர வேண்டுமே என்று அதை ஓலையில் படியெடுக்க உட்கார்ந்தாராம். பழைய ஏடுகளைப் படியெடுத்தே பிழைத்து வந்த சமயத்தில் பிறந்த எனக்கு, ஒரு படைவீரர் எழுத்தாணி பிடித்து உட்கார்ந்திருக்கும் அக்காட்சி கண்ணை விட்டு அகல மறுக்கிறது. பிறகு படைவேலையை விட்டு உபதேசியார் ஆனார். தஞ்சைச் சீமையில் அவரால் சபை வளர்ந்தது. 1741-ல் இரண்டாவது சுதேசிப் போதகரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது அவர் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் தெரிந்தெடுக்கப்பட்டவர் டியோகோ என்பவர். ராஜநாயக்கன் கையால் இராப்போஜனம் வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர் கூசுவார்கள் என்று மிஷனரிகள் தயங்கியதே காரணம். அவருடைய ஜெபத்தையோ படிப்பையோ உழைப்பையோ எவரும் குறை சொல்லவில்லை. அவர் 1771 வரை வாழ்ந்தார், கடைசி வரை உபதேசியாராகவே.

இராப்போஜனம் என்பது ஒரு துண்டு அப்பமும் ஒரு வாய்த் திராட்சரசமும்தான். அதற்கே இவ்வளவு என்றால், பள்ளி விடுதியின் மூன்று வேளைச் சோற்றுக்கு எவ்வளவு இருக்கும்? கோயிலில் சாதிக்கொரு பக்கம், பந்தியிலும் சாதிக்கொரு வரிசை என்றே தரங்கம்பாடி, தஞ்சை மிஷன்களில் காலம் போயிற்று. 1833-ல் கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முழுவதுமாக ஒழிய வேண்டும் என்று எழுதினார். தஞ்சையில் புயல் அடித்தது. உபதேசியார்களும் ஆசிரியர்களுமாகப் பலர் வேலையை விட்டார்கள். நம் கீர்த்தனைக் கவிராயர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) இவ்விஷயத்தில் சாதியாசாரத்தின் பக்கமே நின்று வாதாடினார் என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். சுவார்ட்ஸ் ஐயர் சிறுவனாக அழைத்து வந்து படிக்க வைத்தவர், தரங்கம்பாடியில் வேதசாஸ்திரம் கற்றவர், இரண்டாம் சரபோஜி மன்னரின் நண்பர், தமிழ் கூறும் கிறிஸ்தவ வீடுகளில் இன்றும் பாடப்படுகிறவர். அவருக்கும் அந்தப் படி ஏற முடியாத படியாக இருந்தது. பிற்பாடு மிஷன்கள் பலவற்றில், ஊழியத்துக்கு வருகிறவன் எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, யார் சமைத்தாலும் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று பரீட்சை வைத்தார்கள். வேதத்தில் தேறியவன் சோற்றில் தவறினான் என்ற கதைகள் அப்போது நடந்தன.

இதைப் படித்து மற்ற சமயத்தார் முகவாயில் கை வைத்துக்கொள்ள இடமில்லை. சேரன்மாதேவிக் குருகுலத்தை மறந்து விட முடியுமா? வ.வே.சு. ஐயர் எவ்வளவு பெரிய தேசபக்தர்! அவர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியாகச் சாப்பாடு என்ற செய்தி வெளிவந்து, வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் எழுப்பிய கிளர்ச்சியில் 1924-25-ல் தமிழ்நாடே கொதித்தது. அந்தப் புழுக்கம் தீருமுன், 1925 ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிர் விட்டார். அங்கேயும் வழக்கு ஓர் உலையைப் பற்றியதுதான்.

நான் இருக்கும் ஊரோ கண்ணப்பர் ஊர். வேடர் தம் வாயில் சுவை பார்த்த இறைச்சியை இறைவனுக்குப் படைத்தார், ஆசாரம் மிக்க சிவகோசரியார் துடித்துப் போனார், இறைவன் வேடர் பக்கம் நின்றான் என்பது இத்தலத்தின் கதை. புலால் என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்கும் ஜைனன் நான். பெரியபுராணம் எங்களவர்க்கு எத்தனை உபகாரம் செய்திருக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும்! இருந்தாலும் கண்ணப்பர் மலைப் பக்கம் போகும்போதெல்லாம், யார் கையால் எது வந்தால் ஏற்பது என்ற கேள்விக்கு இவ்வூரில் பழைய பதில் ஒன்று இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

என் கதையையும் சொல்லி விடுகிறேன். ஊரார் கதையை எழுதுகிறவன் தன் கதையை மறைக்கக் கூடாது. என் கடை வாசலில் தண்ணீர்ப் பானை உண்டு. அதன் மேல் ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்திருக்கும். பக்கத்தில் மாடத்தில் ஓர் அலுமினிய டம்ளர் இருக்கும். யாருக்கு எது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் தகப்பனார் கடையிலும் அப்படி இருந்தது, நானும் அப்படியே வைத்தேன். அந்த ஐயர் அண்டாவை வாங்கிக்கொண்டு போனபோது, லாரிக்கு அதைத் தூக்கிக்கொண்டு போன ஆள் திரும்பி வந்து மாடத்திலிருந்த டம்ளரை எடுத்து நீர் மொண்டு குடித்தார். அதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அலுமினிய டம்ளரை எடுத்து உள்ளே போட்டு விட்டேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. அப்போது எனக்கு வயது முப்பதுக்கு மேல். அடுத்த ஒரு வாரம் அந்த ஆள் எவர்சில்வர் டம்ளரைத் தொடவில்லை, இரண்டு கையையும் ஏந்தி, கடைப்பையனை ஊற்றச் சொல்லிக் குடித்தார். "டம்ளர்லயே குடியேன்ப்பா" என்று நான் வாய் திறந்து சொல்ல அந்த ஒரு வாரம் ஆயிற்று.

நிற்க. இந்தப் பள்ளிகளுக்கு எங்கள் சமயத்தார் பட்ட கடன் ஒன்று உண்டு. ஜி.யு. போப் 1842 முதல் சில ஆண்டுகள் நெல்லைச் சீமையின் சாயர்புரத்தில் இருந்து செமினரி நடத்தினார். கண்டிப்புக்குப் பேர்போனவர். தமிழ்ப் பையன்களுக்கு லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். அவரேதான் முதுமையில் ஆக்ஸ்போர்டிலிருந்து திருக்குறளை 1886-லும், நாலடியாரை 1893-லும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். நாலடியார் சமண முனிவர் பாடியது. திருவாசகத்தை மொழிபெயர்த்ததற்காக அவரைக் கொண்டாடுகிற தமிழுலகம் நாலடியாரை இரண்டாவதாகவே நினைக்கிறது. எங்கள் வீட்டில் அது முதலாவது. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868-ல் அச்சிட்டவரும் பவர் என்ற போதகரே. அதன் பின்னர் 1887-ல் உ.வே. சாமிநாதையர் சிந்தாமணி முழுவதையும் பதிப்பித்தார். அதற்கு முன் கும்பகோணத்துச் சமணர் சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் உட்கார்ந்து ஐயமெல்லாம் கேட்டுத் தெளிந்தார். ஒரு சமணக் காப்பியத்தைக் காப்பாற்றக் கிறிஸ்தவப் போதகரும், சைவப் பிராமணரும், ஜைனச் செட்டியாரும் கை கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் அதைப் படித்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் என் தலை குனிகிறது. சிறு வயதில் எங்கள் ஜினாலயத்தில் சாயங்காலம் ஸ்தோத்திரம் சொல்லிக் கொடுக்க ஒரு பெரியவர் இருந்தார். அவருக்குப் பின் யாருமில்லை. எங்களில் அவரைப் போல் ஒருவரை உண்டாக்கும் இடம் இல்லாமற் போயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்க் எட்டுப் பேரை வைத்துச் செய்த காரியம் எவ்வளவு பெரிது என்பது எனக்கு இப்படித்தான் உறைத்தது.

நம் பக்கத்துச் செய்தியும் கொஞ்சம். 1860களில் ஜெர்மனியின் ஹெர்மான்ஸ்பர்க் மிஷனைச் சேர்ந்த ஆகஸ்ட் மிலியஸ், முன்பு தமிழ் நாட்டில் ஊழியம் செய்தவர், தெலுங்குச் சீமைக்கு வந்தார். சூளூர்பேட்டை, நாயுடுபேட்டை என்று தொடங்கிய அவர்கள் வேலை காளஹஸ்தி, திருப்பதி வரை வந்தது. இன்றைய தென் ஆந்திர லுத்தரன் சபை அதன் வழி வந்ததே. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் விலக நேர்ந்து அமெரிக்க லுத்தரன்கள் அவ்விடத்துக்கு வந்தார்கள். மேற்கே மதனப்பள்ளியில் ஆற்காடு மிஷனின் ஜேக்கப் சேம்பர்லேன் மருத்துவமும் தெலுங்கு வேதாகமத் திருத்தமும் செய்துகொண்டிருந்தார். அவர் அமெரிக்காவில் பணம் திரட்டிக் கொடுக்க, 1880களின் இறுதியில் பலமநேரில் ஒரு வேதசாஸ்திரப் பள்ளி எழுந்தது. அந்நாளில் காளஹஸ்தி, திருப்பதி, பலமநேர் எல்லாம் வட ஆற்காடு ஜில்லா. சித்தூர் ஜில்லா 1911-ல்தான் பிறந்தது, காளஹஸ்தி 2022-ல் திருப்பதி ஜில்லாவுக்குப் போயிற்று. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இந்தச் சீமையில், போதகர் எந்த மொழியில் ஜெபிப்பது என்பதும் ஒரு கேள்வி. இரண்டு மொழியிலும் ஜெபிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அழுகை வரும்போது மட்டும் தாய்மொழிக்குப் போய் விடுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் பந்திக் கதை வேறு திசையில் போயிற்று. 1921-ல் திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசனும் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமம் அமைத்தார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர். இருவரும் மருத்துவர். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே ஊரார் அழைத்தார்கள். கோபுரம் வைத்த ஜெபாலயம், கதர், தரையில் உட்கார்ந்து சாப்பாடு. அது செமினரி அல்ல என்றாலும், வெள்ளையரும் தமிழரும் ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார முடியும் என்று காட்டியது. 1969-ல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி வந்தது. அங்கே மாணவர்களை ஒரு காலம் வளாகத்துக்கு வெளியே, குடிசைப் பகுதிகளில் குடியிருக்க அனுப்பினார்கள். அடுத்த வீட்டுக்காரன் கஷ்டம் தெரியாமல் அவனுக்காக என்ன ஜெபிப்பது என்பது அதன் நியாயம்.

அக்கல்லூரி ஆசிரியர் தியாபிலஸ் அப்பாவு (1940-2005), 'பரட்டை அண்ணன்' என்று மாணவர் அழைத்தவர், ஆராதனை முறையையே கிராமத்துப் பேச்சிலும் நாட்டுப்புற மெட்டிலும் தாளத்திலும் அமைத்தார். தலித் மக்களின் இசை கோயிலுக்குள் வந்தது. அவர் போதனையின் நடுவில் இருந்த சொல் 'ஒரே உலை'. எல்லாரும் அரிசி கொண்டு வந்து ஒரே உலையில் போட்டுப் பொங்கிச் சாப்பிடுவதே இராப்போஜனத்தின் பொருள் என்றார். 1741-ல் ராஜநாயக்கன் கையிலிருந்து வாங்கத் தயங்கிய அப்பத்துக்கு அரசரடியில் இப்படிப் பதில் சொல்லப்பட்டது. சாதி போய் விட்டதா என்று அந்த ஐயரைக் கேட்டேன். "கல்லூரியில ஒரே பந்தியில உக்காருவாங்க. சபைக்குப் போனதும் பொண்ணு பாக்குறப்போ தெரியும்" என்றார். நம் எல்லார் வீட்டுக் கதையும் அதுதானே.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இறையியல் கல்லூரியில் புத்தகம் பார்க்க மூன்று நாள் தங்கினேன். பெயர் வேண்டாம், சொன்னால் கூச்சப்படுவார்கள். காலை மணி அடித்ததும் சிற்றாலயத்தில் கூடுகிறார்கள். ஆசிரியரும் மாணவரும் முறை வைத்து ஆராதனை நடத்துகிறார்கள். மாணவன் பிரசங்கம் செய்தால், பிறகு வகுப்பில் அதைப் பிரித்து மேய்கிறார்கள். "உன் பிரசங்கத்தில் மூன்று முடிவு இருந்தது தம்பி, ஒன்று போதும்" என்று ஓர் ஆசிரியர் சொன்னதைக் கேட்டு நானும் சிரித்தேன். எபிரேயச் சொற்களை ஒரு பிள்ளை, எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போல், நடந்துகொண்டே உருப்போட்டது. ஆசிரியர் குடும்பங்களும் வளாகத்திலேயே குடியிருப்பதால், மாணவன் ஒருவன் தகப்பனார் இறந்த செய்தி வந்த இரவில் எந்த வீட்டு விளக்கும் அணையவில்லை. ஜெபம் என்று நீளமாக ஒன்றும் நடக்கவில்லை. ஓர் அம்மாள் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார், இரண்டு பேர் அவனோடு பஸ் ஏறினார்கள்.

ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும் இடத்தில் நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மனத்தாலும் வாக்காலும் செயலாலும் செய்த குற்றங்களை எண்ணிப் பார்த்து வருந்துவது எங்களில் பிரதிக்கிரமணம். அவர்கள் மன்னிப்பைக் கடவுளிடம் கேட்கிறார்கள். எங்களில் மன்னிக்கும் கடவுள் இல்லை. உயிர்களிடம் மன்னிப்புக் கேட்டு, வினையைத் தானே கழிக்க வேண்டும். வேற்றுமை பெரிதுதான், மழுப்ப விரும்பவில்லை. ஆனால் ஒரு கூடம் நிறைய இருபது வயதுப் பிள்ளைகள் தம் குற்றத்தை வாய்விட்டுச் சொல்லும் ஓசை ஒன்றாகத்தான் கேட்கிறது.

நான் பொழுது சாய்ந்த பின் சாப்பிடுவதில்லை, கிழங்கும் வெங்காயமும் சேர்ப்பதில்லை. அங்கே இரவுச் சாப்பாடு ஏழரைக்கு. சொல்லச் சங்கடப்பட்டுப் பழம் போதும் என்றேன். எப்படியோ சமையற்காரருக்குத் தெரிந்து, முதல் நாளே ஐந்தரை மணிக்குச் சோறும் பாசிப்பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்து விட்டார். விடுதியின் ஒரே உலைக்கு நானே விலக்காகிப் போனேனே என்று கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் போய்ப் பார்த்தால், என் இலைக்குப் பக்கத்தில் மூன்று இலை போட்டிருந்தது. மூன்று மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "தாத்தா தனியா சாப்பிடக் கூடாதுன்னு நாங்களும் இன்னிக்கு இதையே சாப்பிடுறோம்" என்றான் ஒருவன். அதில் ஒரு பையனுக்கு வெங்காயமில்லாத பருப்பு இறங்கவே இல்லை. எனக்குத் தெரியாமல் ஊறுகாயைத் தொட்டுத் தொட்டு விழுங்கினான்.

பழைய அண்டா போன வருஷம் ஈயம் பூச என் கடைக்கு வந்தது. அந்த ஐயர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய் விட்டார், கொண்டு வந்தவர் அவருக்குப் பின் வந்த இளைஞர். இப்போது ஈயம் பூசத் தெரிந்த ஆள் கிடைப்பது அருமை, வெளியூரிலிருந்து ஒரு கிழவரை வரவழைத்தேன். உள்ளே நவச்சாரம் தூவித் துணியால் தேய்க்கத் தேய்க்க வெள்ளிபோல் மின்னியது. அடியில் ஓரிடம் தேய்ந்திருக்கிறது, இன்னும் பத்து வருஷம் தாங்கும் என்றார் கிழவர்.